பயிற்சி செய்தும் மனம் லேசாகவில்லை: விழிப்புநிலைத் தியானமும் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வும்

#1 வைகறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தொன்று. அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒருமுறை, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறை, மூன்றாண்டுகளுக்கு முன் சொல்லும்படியான காரணம் எதுவுமின்றி ஒருமுறை என இதுவரை மூன்று தடவை மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருக்கிறேன். மூன்றாவது முறைதான் மருத்துவரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோபிராம் மாத்திரையை இன்றளவும் எடுத்துக்கொள்கிறேன். கடந்த ஓராண்டாக நன்றாகவே இருக்கிறேன். பள்ளிக்குப் போகிறேன், சமைக்கிறேன், பிள்ளைகளோடு சண்டை போடுகிறேன், சிரிக்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன், தோழி அனுப்பிய ஒலிப்பதிவைக் கொண்டு விழிப்புநிலைப் பயிற்சியைத் தொடங்கினேன். காலை ஐந்தேகாலுக்கு, பால்காரர் வருவதற்குள், பாயில் படுத்தபடியே இடது கால் பெருவிரலில் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை மெல்ல நகர்த்த வேண்டும். அமைதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் இதுவரை நான் கவனித்தே இராத வருத்தங்கள்தான் கண்ணில் படுகின்றன. தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு கனம் இருக்கிறது. மாலை நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து மாடியில் துணி எடுக்கும்போது, காரணமில்லாமல் ஒரு மந்தம் கவிகிறது. முன்பும் இருந்திருக்கும்; இப்போதுதான் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் என் மாமியார், "தினமும் விடியற்காலையில் எழுந்து தியானம் செய்கிறாயே, இன்னும் எதற்கு அந்த மாத்திரை?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். என் கணவர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அவருக்கும் அந்த எண்ணம் இருப்பது தெரிகிறது. ஆகவே இரண்டு கேள்விகள். மனநிலை உயரவில்லை என்றால் இந்தப் பயிற்சி எனக்குப் பலிக்கவில்லை என்று பொருளா? தொடர்ந்து செய்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

#2 ஓய்வுபெற்ற காசாளர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக விபாசனா பழகிவருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த கோயங்கா அவர்கள் வழியாக இங்கே பரவிய இந்த முறையில், உடலில் எழும் உணர்வுகளை விருப்பு வெறுப்பின்றிக் கவனிப்பதே அடிப்படை. முதல் சில மாதங்களில் புதைந்து கிடந்தவை மேலே வருவது இயல்பே; தூர்வாரும்போது கிணற்று நீர் கலங்கத்தானே செய்யும்? பொறுமையாகத் தொடருங்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். நாம் விழிப்புநிலை என்கிறோம், ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்கிறார்கள். இரண்டுக்கும் மூலமான பாலி மொழிச் சொல் 'சதி'; அதன் வேர்ப்பொருள் நினைவு. நினைவோடு இருத்தல், மறவாமல் இருத்தல் என்று கொண்டால் விளங்கும். அதை 'மனத்தை அமைதிப்படுத்தும் பயிற்சி' என்று சுருக்கியதால்தான் அமைதி வராதபோது ஏமாற்றம் வருகிறது.

மாத்திரையைப் பொறுத்தவரை, பயிற்சி ஆழமானால் நோய் வேரோடு போய்விடும் என்பது என் நம்பிக்கை. எப்போது விடுவது என்று உங்கள் உள்ளமே சொல்லும்.

#3 மருதம்

நான் மதுரையில் பதினோரு ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிகிறேன். காசாளர் ஐயாவின் கடைசி வரியிலிருந்து தொடங்குவதற்கு அவர் மன்னிக்க வேண்டும். மாத்திரையை எப்போது விடுவது என்று உள்ளம் சொல்லாது. நன்றாக இருக்கும் நாட்களில் எல்லோருடைய உள்ளமும் 'இனி வேண்டாம்' என்றுதான் சொல்லும். எஸ்சிடலோபிராம் போன்றவற்றைச் சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு, தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு ஆகியவை வரக்கூடும். இவற்றை நோய் திரும்பிவிட்டதாகக் கருதிக் கலங்குபவர்களை நான் மாதந்தோறும் பார்க்கிறேன். குறைப்பதாக இருந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசி, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இனி முதல் கேள்வி. மனச்சோர்வு திரும்ப வரும் இயல்புள்ள நோய். முதல் முறை வந்து குணமானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது மறுபடியும் வருகிறது. ஒவ்வொரு முறை வந்து போன பிறகும் அடுத்த முறைக்கான வாய்ப்பு கூடுகிறது. அதோடு, முதல் முறை வருவதற்கு ஒரு மரணமோ பிரிவோ வேலையிழப்போ தேவைப்பட்டிருக்கும். மூன்றாவது நான்காவது முறை வருவதற்கு அப்படி எதுவும் தேவைப்படுவதில்லை. வைகறை அவர்கள் தம் மூன்றாவது முறையைப் பற்றி "சொல்லும்படியான காரணம் எதுவுமின்றி" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

இதற்கு இங்கிலாந்தின் உளவியலாளர் ஜான் டீஸ்டேல் 1988-இல் ஒரு விளக்கம் தந்தார். நோயுற்றிருந்த மாதங்களில் சோக உணர்வும், 'நான் எதற்கும் உதவாதவள்', 'இது ஒருநாளும் மாறாது' என்ற எண்ணங்களும் இணைபிரியாமல் ஒன்றாகவே கிடந்து பழகிவிடுகின்றன. நோய் போன பிறகு, யாருக்கும் வரக்கூடிய ஒரு சாதாரண வருத்தம் எட்டிப் பார்த்தால்கூட, பழைய எண்ணங்கள் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். மந்தமான சோக இசையைக் கேட்கச் செய்து சில நிமிடங்களுக்கு மனத்தைத் தாழ்த்தினால், நோயே வராதவர்களும் குணமானவர்களும் வருத்தப்படவே செய்கிறார்கள். ஆனால் தம்மைத் தாமே மட்டமாக எடைபோடும் எண்ணங்கள் குணமானவர்களிடம்தான் தலைதூக்குகின்றன. அப்படித் தலைதூக்குவது அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் நோய் திரும்பும் வாய்ப்பும் அதிகமாக இருந்ததைக் கனடாவின் ஸிண்டெல் சீகல் குழுவினர் கண்டார்கள்.

இதோடு இன்னொன்று சேர்கிறது. 'ஏன் இப்படி இருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருப்பது. அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா, கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் அவர்களுடைய இந்தப் பழக்கத்தை ஒரு கேள்வித்தாள் மூலம் அளந்து வைத்திருந்தார். இரண்டு வாரத்தில், 1989 அக்டோபரில், லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. அதைத் தற்செயலாகக் கிடைத்த ஆய்வு வாய்ப்பாகக் கொண்டு அதே மாணவர்களைப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் மீண்டும் அளந்தபோது, நிலநடுக்கத்துக்கு முன்பே மாவரைக்கும் பழக்கம் இருந்தவர்கள்தான் கூடுதலான சோர்வில் இருந்தார்கள்.

ஆக, நோயைத் திரும்பக் கொண்டுவருவது வருத்தம் அன்று. வருத்தத்தைத் தொடர்ந்து நடக்கும் இந்தச் சங்கிலிதான். டீஸ்டேல், சீகல், மார்க் வில்லியம்ஸ் மூவரும் அந்தச் சங்கிலியை இடையில் அறுப்பதற்கு ஒரு வழி தேடினார்கள். ஜான் கபாட்-ஜின் 1979 முதல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு நடத்திவந்த எட்டு வாரப் பயிற்சியை எடுத்து, அதில் அறிதல்சார் சிகிச்சையின், அதாவது எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கப் பழக்கும் உளவியல் சிகிச்சையின், கூறுகளைச் சேர்த்தார்கள். இப்படி உருவானதே எம்.பி.சி.டி. எனப்படும் விழிப்புநிலை சார்ந்த அறிதல் சிகிச்சை. வாரம் ஒருமுறை குழுவாக இரண்டு மணி நேரமும், வீட்டில் அன்றாடம் ஏறத்தாழ முக்கால் மணி நேரமும் பயிற்சி. நோயிலிருந்து மீண்டு நலமாக இருக்கும் காலத்தில் தரும்படியே இது முதலில் வகுக்கப்பட்டது.

அதன் இரண்டாம் வாரத்தில் ஒரு சிறு பயிற்சி உண்டு. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தெருவில் நடந்துபோகிறீர்கள், எதிர்ப்பக்கம் தெரிந்தவர் ஒருவர் வருகிறார், கையசைக்கிறீர்கள், அவர் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார். இப்போது உங்கள் மனத்தில் ஓடியது என்ன? 'என் மேல் கோபம்' என்பார் ஒருவர், 'நான் அவ்வளவு அற்பமாகிவிட்டேனா' என்பார் இன்னொருவர், 'பாவம், கண்ணாடி போடாமல் வந்துவிட்டார்' என்பார் மூன்றாமவர். நடந்தது ஒன்றுதான். நடந்ததற்கும் அதைப்பற்றிய எண்ணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிடும். எட்டு வாரப் பயிற்சி முழுவதும் அந்த இடைவெளியைக் காணப் பழகுவதற்கே.

வைகறை அவர்களே, நான்கு மணி மந்தம் உங்கள் கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது என்றால் பயிற்சி அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது என்றே கருதுகிறேன். அந்த மந்தம் வந்ததும் அடுத்து என்ன நடக்கிறது என்பதை எழுதுங்கள்.

#4 எண்சுவடி

மருதம் எழுதியது தெளிவாக இருக்கிறது. ஆனால் விளக்கம் அழகாக இருப்பதாலேயே சிகிச்சை பலிக்கும் என்றாகிவிடாது. புள்ளியியல் என் தொழில் என்பதால் எண்களைக் கொஞ்சம் கிளறுகிறேன்.

எம்.பி.சி.டி. பற்றி 2000-இல் வெளிவந்த முதல் ஆய்வில் நோயிலிருந்து மீண்ட 145 பேர் இருந்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நோய் வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அறுபது வாரங்களுக்குள் நோய் திரும்பியது வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்கு. பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினருக்கு. பெரிய வேறுபாடுதான், மறுக்கவில்லை. இரண்டே முறை வந்தவர்களுக்கோ பலன் ஏதும் தெரியவில்லை. இந்த இரண்டாவது செய்தி எந்தத் தியானச் செயலியின் விளம்பரத்திலும் வருவதில்லை.

பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, ஒன்பது ஆய்வுகளில் இடம்பெற்ற 1,258 பேரின் தனித்தனித் தரவுகளையும் வில்லெம் காய்க்கென் குழுவினர் 2016-இல் அலசினார்கள். நோய் திரும்பியது பயிற்சி பெற்றவர்களில் 38 விழுக்காடு, பெறாதவர்களில் 49 விழுக்காடு. முதல் ஆய்வின் இடைவெளி ஏறத்தாழ 29 புள்ளிகள். இங்கே 11 புள்ளிகள். மருத்துவத்தில் 11 புள்ளிகள் சிறியதன்று. ஆனால் பயிற்சி பெற்றும் பத்தில் நான்கு பேருக்கு நோய் திரும்பியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் திரும்பியவர்கள் 'நான் சரியாகப் பயிற்சி செய்யவில்லை' என்று அதற்கும் தம்மையே நொந்துகொள்வார்கள்.

பொதுவான மனநிலையைப் பற்றிச் சொல்வதானால் இன்னும் அடக்கி வாசிக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தியானப் பயிற்சிகளால் சோர்வு மிதமாகக் குறைவது தெரிந்தது. ஆனால் மருந்து, உடற்பயிற்சி, வேறு உளவியல் சிகிச்சை போன்றவற்றோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது தியானம் அவற்றைவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் வகுப்பில் கற்றுக்கொடுத்த விழிப்புநிலைப் பாடம் வழக்கமான பாடங்களைவிட எவ்விதக் கூடுதல் நன்மையும் தரவில்லை. வைகறை அவர்கள் ஆசிரியை என்பதால் சொல்லிவைக்கிறேன். உங்கள் பள்ளியிலும் யாராவது இதைக் காலை வழிபாட்டில் சேர்க்கலாம் என்று கிளம்பினால் இந்த எண்ணை நினைவில் கொள்ளுங்கள்.

#5 வைகறை

மருதம் அவர்கள் கேட்டதற்குப் பதில். நேற்று மாலையே கவனித்தேன்.

துணி எடுக்கும்போது கொடியில் கடைசியாக என் கணவரின் வேட்டி இருந்தது. அதில் மஞ்சள் கறை போகவில்லை. அதைப் பார்த்ததும் தொண்டையில் அந்தக் கனம் வந்தது. உடனே, 'ஒரு துணியைக்கூட ஒழுங்காகத் துவைக்கத் தெரியவில்லை'. அடுத்தது, 'இன்று எட்டாம் வகுப்பில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கும் சரியாகச் சொல்லவில்லை'. அதற்கடுத்து, 'மறுபடி ஆரம்பிக்கிறது'. இந்த மூன்றாவது எண்ணம் வந்ததும் வயிற்றில் பயம் இறங்கியது. வேட்டியை எடுத்ததிலிருந்து இதுவரை நான்கு அடி நடந்திருப்பேன். எண்ணி வைத்துக்கொண்டேன், கூடையிலிருந்து படிக்கட்டு வரை நான்கு அடிதான். இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எனக்கு இதுவரை தெரியாது.

நேற்று எதையும் தடுக்கவில்லை. 'ஓடுகிறது' என்று மட்டும் பார்த்தேன். மந்தம் போகவில்லை. ஆனால் இரவுச் சமையல் வரை அது தொடரவும் இல்லை.

எண்சுவடி அவர்களுக்கு நன்றி. பத்தில் நான்கு என்ற எண்ணைப் படித்தபோது பயமாக இருந்தது. பிறகு ஏனோ நிம்மதியாகவும் இருந்தது.

#6 தென்னங்கீற்று

இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எல்லாரும் நலமாக இருக்கும் காலத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் நலமாக இல்லாதபோது போனேன்.

ஐந்தாண்டுகளுக்கு முன், தூக்கமும் பசியும் போய் இரண்டு மாதமாகியிருந்த நிலையில், தனியார் அமைப்பொன்று நடத்திய ஒன்பது நாள் மௌன முகாமில் சேர்ந்தேன். சேர்க்கைப் படிவத்தில் நோய் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். அது என் தவறு. ஐந்தாம் நாள் இரவு முழுதும் கண் மூடவில்லை. கண்ணை மூடினாலே, சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் தம்பியின் முகம் வந்தது. அடுத்த நாள் என் கைகள் என்னுடையவையே அல்ல என்பதுபோல் ஓர் அந்நிய உணர்வு. பயிற்றுநரிடம் சொன்னபோது, "அதுவும் ஓர் உணர்வுதான், கவனியுங்கள்" என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனநல மருத்துவரைப் பார்த்து, தூக்கம் சீராவதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

'பொறுமையாகத் தொடருங்கள், கிணறு கலங்கத்தான் செய்யும்' என்று எழுதுபவர்கள், கிணற்றில் ஆள் விழுந்திருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்க்க வேண்டும்.

#7 ஓய்வுபெற்ற காசாளர்

தங்கை தென்னங்கீற்று எழுதியதைப் படித்து இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். கிணறு என்ற உவமையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் எந்த நிலையில் இருந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. என் பழக்கத்தில் நடக்கும் பத்து நாள் வகுப்புகளில், விடியற்காலை நான்கு மணி முதல் இரவு ஒன்பது வரை, நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அமர வேண்டியிருக்கிறது. தீவிர மனநோய் உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அங்கே முன்கூட்டியே சொல்கிறார்கள். அதை நாங்கள் ஒரு சடங்குக் குறிப்பாகவே எடுத்துக்கொண்டோம். மாத்திரை பற்றி நான் எழுதிய இரண்டு வரிகளையும் திரும்பப் பெறுகிறேன். பயிற்சியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறவில்லை.

#8 கீரிமலை

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். எங்கள் நாட்டில் இந்தத் தியானம் பௌத்த விகாரைகளில் காலங்காலமாக உள்ளது. மருத்துவமனைப் பயிற்சி வகுப்புகளுக்கு அது வெளிநாடு போய்த் திரும்பி வந்தது வேடிக்கைதான்.

எனக்கொரு சந்தேகம். மருதம் அவர்கள் 'காரணமின்றி வரும் சோர்வு' பற்றிப் பேசினார். எங்களிடம் வருகிறவர்களில் அநேகம் பேருக்குக் காரணம் உண்டு, அது இன்றும் முடியவில்லை. மகன் காணாமற்போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் பதில் கிடைக்காத தாயிடம், 'எண்ணம் வேறு, நடந்தது வேறு, எண்ணத்தை விலகி நின்று பாருங்கள்' என்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை. அவவின் எண்ணம் உண்மைதானே. அப்படிப்பட்டவர்களுக்கும் இது பயன் தருமா? அல்லது, வெளியே தீர்க்க வேண்டியதை உள்ளே தீர்க்கச் சொல்லும் வேலையாக இது போய்விடுமா?

#9 மருதம்

கீரிமலை கேட்டது இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஓரளவு விடை ஆய்விலேயே இருக்கிறது.

எண்சுவடி சொன்ன 'இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலனில்லை' என்ற முடிவு, ஹெலன் மாவும் டீஸ்டேலும் 75 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்விலும் திரும்ப வந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை வந்தவர்களிடையே நோய் திரும்பியது பயிற்சி பெற்றவர்களில் 36 விழுக்காடு, பெறாதவர்களில் 78 விழுக்காடு. இரண்டு முறை வந்தவர்களிடம் பலனில்லை. ஏன் என்று தோண்டியபோது, அந்த இரு பிரிவினரும் வெவ்வேறு வகையினர் என்று தெரிந்தது. இரண்டு முறை வந்தவர்களுக்கு நோய் திரும்பியது பெரும்பாலும் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய அடிகளைத் தொடர்ந்து. அடி எதுவும் விழாமல், உள்ளேயிருந்து தானாகக் கிளம்பும் மறுவருகையைத் தடுப்பதில்தான் பயிற்சி வலுவாக இருந்தது. அதாவது நீங்கள் சொன்ன தாயின் துயரத்துக்காக இது செய்யப்படவில்லை; அவருக்கு முதலில் இதை நீட்டுவது பொருத்தமும் இல்லை. அவருக்குத் தேவை விசாரணையும் பதிலும், கூட உட்கார ஆட்களும், தேவையானால் மருந்தும். உங்கள் நா எழாதது சரியே.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. வில்லியம்ஸ் குழு 274 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது பயிற்சி பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உறுதியான வேறுபாடு இல்லை. சிறுவயதில் கடுமையான கொடுமைகளுக்கு ஆளானவர்களை மட்டும் பார்த்தபோது பயிற்சி தெளிவாக உதவியது. ஆகவே 'துன்பப்பட்டவர்களுக்கு இது ஆகாது' என்றும் சொல்லிவிட முடியாது. பழைய துன்பம் பழக்கமாக உள்ளே தங்கிவிட்ட இடத்தில் உதவுகிறது. இன்றைய துன்பம் வாசலில் நிற்கும்போது அதனால் அதிகம் ஆவதில்லை. இது என் வாசிப்பு. எண்சுவடி வேறு விதமாகப் படிக்கலாம்.

தென்னங்கீற்றுக்கு: உங்களுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கக் கூடாது. தியானத்தால் தூக்கமின்மை, அச்சம், தன்னுடம்பே தனக்கு அந்நியமாதல் போன்றவை சிலருக்கு வருவதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லபி பிரிட்டன் குழுவினர் விரிவாகப் பதிவுசெய்து 2017-இல் வெளியிட்டார்கள். "அதையும் கவனியுங்கள்" என்று சொல்லாமல், கண்ணைத் திறக்கச் சொல்லி, எழுப்பி நடக்கவிட்டு, சாப்பிடவும் தூங்கவும் வைத்து, தேவையானால் மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

இனி வைகறையின் வீட்டில் நடக்கும் மாத்திரைப் பேச்சுக்கு. இங்கிலாந்தில் 424 பேரை இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மாத்திரையைத் தொடரவும், இன்னொரு பிரிவினருக்கு எட்டு வாரப் பயிற்சியோடு மருத்துவரின் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்து நிறுத்தவும் ஏற்பாடு செய்து இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2015-இல் முடிவு வந்தது. நோய் திரும்பியது பயிற்சிப் பிரிவில் 44 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 47 விழுக்காடு. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். மாத்திரைக்கு மேலானது என்பதைக் காட்டக் கிளம்பிய ஆய்வு அது. அதைக் காட்ட முடியவில்லை. ஆனால் மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்ற மாற்றுவழியாக இருக்கலாம் என்பது தெரிந்தது. இதை உங்கள் மாமியாருக்குச் சொல்லும்போது, அங்கே பயிற்சி என்பது பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்திய குழு என்பதையும், தோழி அனுப்பிய ஒலிப்பதிவு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று. காய்க்கென் குழு 2010-இல் 123 பேரிடம் பார்த்தது: பயிற்சி முடித்தவர்களுக்குச் சோகத்தை ஊட்டியபோது பழைய எண்ணங்கள் கிளம்புவது நிற்கவில்லை, மாத்திரையைத் தொடர்ந்தவர்களைவிட அவர்களிடம் அது கூடுதலாகவே கிளம்பியது! ஆனால் மாத்திரைப் பிரிவில் அப்படி அதிகமாகக் கிளம்பியவர்களுக்குப் பின்னர் நோய் மோசமானது. பயிற்சிப் பிரிவில் அந்தத் தொடர்பு அறுந்திருந்தது. அவர்கள் தம்மைத் தாமே பரிவோடு நடத்தக் கற்றிருந்ததுதான் காரணமாகத் தெரிந்தது. கொடியில் வேட்டியைப் பார்த்ததும் 'ஒழுங்காகத் துவைக்கத் தெரியவில்லை' என்ற எண்ணம் உங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் வரக்கூடும். வரட்டும்.

#10 எண்சுவடி

வில்லியம்ஸ் ஆய்வைப் பற்றிய மருதத்தின் வாசிப்பில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. உட்பிரிவுகளில் தெரியும் பலனை எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாங்க வேண்டும் என்பதைத் தவிர.

மனநிலையைப் பற்றி நான் சற்றுக் கறாராக எழுதிவிட்டேன் என்று தோன்றுவதால் எதிர்த்திசைச் சான்று ஒன்றையும் வைக்கிறேன். நெதர்லாந்தில் மாஸ்டிரிக்ட் நகரில், சோர்வின் மிச்சங்கள் உள்ள 130 பேரிடம் பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஆறு ஆறு நாட்கள், ஒரு நாளில் பல முறை மணி அடித்து, அந்தந்த நொடியின் மனநிலையைக் குறிக்கச் செய்தார்கள். 2011-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அந்தந்த நேரத்து இன்ப உணர்வு கூடியிருந்தது. சிறு சிறு நல்ல நிகழ்வுகளிலிருந்து கிடைக்கும் மகிழ்ச்சியும் கூடியிருந்தது. ஒப்பிடப்பட்டவர்கள் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள் என்பதால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் வருத்தம் கண்ணில் படும் அதே கவனத்தில் காப்பியின் மணமும் படும் என்பது நடக்கக்கூடியதே.

#11 கீரிமலை

மருதத்துக்கு நன்றி. "இன்றைய துன்பம் வாசலில் நிற்கும்போது" என்ற வரியை எங்கள் பிரிவில் வாசித்துக் காட்டினேன். இதைப் படிக்கும் யாருக்கேனும் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பயிற்சி, இழை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே பேசுங்கள்: இலங்கையில் 1926, இந்தியாவில் டெலி-மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம்.

#12 வைகறை

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

மருத்துவரிடம் போனேன், இந்த முறை கணவரையும் அழைத்துப்போனேன். பயிற்சியைப் பற்றிச் சொன்னபோது அவர் குறை ஏதும் சொல்லவில்லை. ஜூன் வரை மாத்திரை அதே அளவில் தொடர வேண்டும், பள்ளி திறந்து இரண்டு மாதம் ஓடிய பிறகு குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்றார். திரும்பி வரும் வழியில் கணவர் என்னிடம், "ரத்த அழுத்த மாத்திரையை நான் விட்டால் நீ திட்டுவாய் அல்லவா, அதுபோலத்தானே?" என்று கேட்டார். மாமியாரிடம் அவரே பேசிக்கொண்டார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை.

தென்னங்கீற்று எழுதியதைப் படித்த பிறகு ஒரு மாற்றம் செய்தேன். முக்கால் மணி நேரம் படுத்துச் செய்வதை வாரத்தில் மூன்று நாளாகக் குறைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் மொட்டைமாடியில் நடந்தபடி செய்கிறேன். கண்ணைத் திறந்து செய்வது எனக்கு ஒத்துவருகிறது. மருதம் அவர்கள் சொன்னதுபோல் குழுப் பயிற்சி எங்கள் ஊரில் இல்லை. இணையவழியில் நடத்தும் உளவியலாளர் ஒருவரிடம் பெயர் கொடுத்திருக்கிறேன், ஜூலையில் தொடங்குகிறார்.

சென்ற வாரம் பேருந்து நிறுத்தத்தில், பழைய தலைமையாசிரியை எதிரே வந்தார். கும்பிட்டேன். என்னைத் தாண்டிப் போய்விட்டார். தொண்டையில் கனம் வந்தது; 'என்னை மறந்துவிட்டார்' என்று ஒன்று ஓடியது; அதைத் தொடர்ந்து இந்த இழையின் மூன்றாவது பதிவு நினைவுக்கு வந்து, நடுத்தெருவில் தனியாகச் சிரித்துவிட்டேன். கனம் என்னவோ பேருந்து வரும்வரை இருந்தது.